மோட்டார் சாணையில் நீலம் பாய்ந்த கத்தியை மீட்க முடியுமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் பனச்சமூடு பக்கம் எங்கள் வீடு. பாட்டா ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். அவர் போன பிறகு பரணில் ஒரு சாக்கு நிறைய அவருடைய கத்திகள் கிடைத்தன. ஒரு வெட்டுக்கத்தி, ரப்பர் மரம் சீவும் இரண்டு பால்வெட்டுக் கத்தி, பனம்பாளை சீவும் ஒரு பாளை அரிவாள், பித்தளைப் பூண் போட்ட சின்னப் பிச்சாத்தி, பாட்டியின் அரிவாள்மணை. எல்லாம் ஒரே துரு. வெட்டுக்கத்தியையும் பிச்சாத்தியையும் மோட்டார் சாணையில் கொடுத்தேன். பளபளவென்று வந்தது, ஆனால் பிச்சாத்தி ஒரே வாரத்தில் மழுங்கிவிட்டது. அதன் நுனியில் நீலமாக ஒரு திட்டும் விழுந்திருக்கிறது. மற்றவற்றை என்ன செய்வது? இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையில் மறுபடி துரு ஏறாமல் எப்படி வைப்பது? இதுபோல இன்னும் சேகரிக்க ஆசை. சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?

பதில்: நீங்கள் துருவைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்த நீலத் திட்டுதான் பெரிய விஷயம். துரு மேலே இருப்பது, பொறுமையாகத் தேய்த்தால் போய்விடும். சூடு உருக்குக்குள் இறங்கிவிட்டால் தேய்த்து எடுக்க முடியாது. அதனால் மிச்சமிருக்கும் கத்தி எதையும் இப்போதைக்கு மோட்டார் சாணைக்குக் கொடுக்காதீர்கள்.

என்ன நடந்தது என்றால், கொல்லர் கத்தி அடித்து முடித்ததும் விளிம்பைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கித் துவைச்சல் போடுகிறார். அப்போது உருக்கு கண்ணாடி மாதிரிக் கடினமாகிவிடும், கீழே விழுந்தால் தெறிக்கும். அந்த முறுக்கைக் கொஞ்சம் தணிக்க மறுபடி இளஞ்சூடு காட்டுவார். காய்கறி, மீன் வெட்டும் கத்திக்கு இந்த இரண்டாவது சூடு சுமார் 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் போதும். சூடு ஏற ஏற உருக்கின் மேல் மெல்லிய படலம் ஒன்று நிறம் மாறிக்கொண்டே போகும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 250-ஐத் தாண்டினால் பழுப்பு, 280 வாக்கில் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். பட்டறையில் பல கொல்லர்கள் இந்த நிறத்தைப் பார்த்துத்தான் பதம் சொல்வார்கள். உங்கள் பிச்சாத்தியின் நுனி நீலமானது என்றால், அதற்கு வேண்டிய சூட்டைவிட 100 டிகிரி கூடுதலாகப் பட்டிருக்கிறது. அந்த இடத்தில் உருக்கு இளகிவிட்டது. எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

மோட்டார் கல் வேகமாக, வறட்சியாகச் சுற்றுகிறது. கத்தியின் விளிம்பு தாள் போல மெல்லியது, சூடு பரவிப்போக அங்கே இடமே இல்லை. இரண்டு நொடி ஒரே இடத்தில் அழுத்தினால் போதும். நுனி எல்லாவற்றிலும் மெல்லியது, அதனால்தான் முதலில் அது போகிறது. இதில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. சில சாணைக்காரர்கள் நீலம் தெரியாமல் மேலே துணிச்சக்கரம் வைத்துப் பளபளப்பாக்கித் தந்துவிடுவார்கள். நிறம் போகும், கடினம் திரும்பாது. யாரிடமாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். வெறும் விரலால் விளிம்பின் பக்கத்தைத் தொட முடியாத சூடு வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அப்படி நின்று கேட்டால் கோபிக்கிறவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

சேதம் எவ்வளவு என்று பார்க்க ஒரு நல்ல அரம் போதும். அரத்தின் மூலையை விளிம்புக்குச் சற்று மேலே லேசாகத் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அங்கே உருக்கு கடினமாகவே இருக்கிறது. கடித்துச் சீவினால் இளகிவிட்டது. பிச்சாத்தியின் நடுவில் ஒரு தடவை, நீலத் திட்டில் ஒரு தடவை பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். வெட்டுக்கத்தியில் அரம் கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள். தேங்காய் பொதிக்கவும் (உரிக்கவும்) கொம்பு தறிக்கவும் அடிக்கப்பட்ட கத்தி அது. ரொம்பக் கடினமாக இருந்தால் விளிம்பு சில்லு சில்லாகத் தெறித்துவிடும் என்பதால் கொல்லரே அதைக் கொஞ்சம் இளக்கி விட்டிருப்பார். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி என்றால் இன்னும் பொறுத்துக்கொள்ளும். உங்கள் வெட்டுக்கத்தி பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

பிச்சாத்தியில் நீலம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மற்ற பகுதியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு முறை கையால் தீட்டும்போதும் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்தால் நாளடைவில் நல்ல உருக்கு வந்துவிடும். நீலம் விளிம்பு நெடுகப் பரவியிருந்தால் கொல்லரிடம் கொண்டுபோய், பிடியைக் கழற்றி மறுபடி துவைச்சல் போடச் சொல்ல வேண்டும். சிவந்த உருக்கில் காந்தம் ஒட்டாத சூடு வரவேண்டும், அது 770 டிகிரி வாக்கில். அதற்குப் பிறகுதான் முக்குவது. ஆனால் பழைய மெல்லிய தகட்டில் இதைச் செய்தால் வளையலாம், விரியலாம். பாட்டா கைபட்ட பொருள் என்று வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் நான் துவைச்சலுக்குக் கொடுக்க மாட்டேன். கறி நறுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுக்கலாம்.

அடுத்தது துரு. சிவப்பையும் கறுப்பையும் பிரித்துப் பாருங்கள். சிவப்பாகப் பொடி உதிர்வது துரு, அது போக வேண்டும். சாம்பலும் கறுப்புமாக ஒட்டிக்கிடக்கும் படிவம் பல வருஷம் வாழைக்காயும் மாங்காயும் வெட்டி ஏறிய கறை. அதை விட்டுவைத்தால் புதுத் துரு கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும். பழங்கத்தியை வெள்ளி மாதிரிப் பளிச்சென்று ஆக்குகிறவர்கள் அந்தக் காப்பைத்தான் முதலில் கழற்றி எறிகிறார்கள்.

சிவப்புக்கு மண்ணெண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தேங்காய்ச் சவுரியால் தேயுங்கள். போகாத இடத்துக்கு ஸ்டீல் நார், அல்லது பித்தளைத் துண்டின் விளிம்பால் சுரண்டலாம், பித்தளை உருக்கைக் கீறாது. அப்படியும் அசையாத துருவுக்குப் புளிக்கரைசல். பதினைந்து, இருபது நிமிஷம் ஊறினால் போதும், ராத்திரி முழுக்கப் போட்டால் புளி துருவோடு சேர்த்து இரும்பையும் தின்னும். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் வைத்து எண்ணெய் தடவுங்கள். அடுப்புத் தீயில் காட்டி உலர்த்த வேண்டாம், எதற்கென்று இப்போது உங்களுக்கே தெரியும். பிடியை எதிலும் ஊறவைக்கக் கூடாது. பல பழைய கத்திகளில் பிடிக்குள் அரக்கு உருக்கி ஊற்றித்தான் இறுக்கியிருப்பார்கள். வெந்நீர் பட்டால் அரக்கு இளகிப் பிடி ஆடத் தொடங்கும்.

தீட்டுவதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் ஒன்று போதும், ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் மென்மை. தண்ணீர் ஊற்றித் தீட்டுவதா எண்ணெயிலா என்று பெரிய சண்டையே உண்டு. எதுவானாலும் சரி, ஒரே கல்லில் இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். முக்கியம் சாய்வுதான். நறுக்கும் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி, வெட்டுக்கத்திக்கு 25 டிகிரி. கோணமானி வேண்டாம். நாலு சென்டிமீட்டர் அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தால் 15 டிகிரி, ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவாகத் தூக்கினால் 20. ஐந்து சென்டிமீட்டர் அகல வெட்டுக்கத்தி என்றால் இரண்டு சென்டிமீட்டர் தூக்கினால் சரியாக வரும்.

ஒரு பக்கத்தை மட்டும் தீட்டிக்கொண்டே இருங்கள். மறுபக்க விளிம்பில் விரலை முதுகிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால் சொரசொரப்பாக ஒரு பிசிறு தட்டுப்பட வேண்டும், அடி முதல் நுனி வரைக்கும். பிசிறு வராமல் பக்கம் மாற்றக் கூடாது. கூர் வரவில்லை என்று சொல்கிற பலரும் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் பிசிறு வந்தபின் மென்மையான பக்கத்தில் அழுத்தமில்லாமல் மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் முதுகு முன்னே போகுமாறு இழுங்கள். தக்காளித் தோல் அழுத்தாமலே கிழிந்தால் போதும். கையில் உள்ள மயிரைச் சிரைத்துக் காட்டுவதெல்லாம் வீடியோவுக்கு.

அரிவாள்மணையில் கத்தியைக் கல்லிடம் கொண்டுபோக முடியாது, கல்லைத்தான் கத்தியிடம் கொண்டுபோக வேண்டும். பலகையை அசையாமல் மிதித்துக்கொண்டு, சின்னக் கல்லை அலகின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் தள்ளுங்கள். விரல் விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால்வெட்டுக் கத்தி தனி ஜாதி. நம் பகுதியில் புழங்குவது பெரும்பாலும் மிச்சி கொல்லெட்ஜ் என்கிற வகை, இல்லையென்றால் ஜெபோங் வகை. எதுவானாலும் மடங்கிய அலகு, அதனால் தட்டைக் கல் வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் ஒத்துவரும். உட்பக்கத்துக்கு ஓரம் உருண்ட மெல்லிய கல் வேண்டும், மடிப்பின் வளைவு மாறாமல் உள்ளே ஓட்ட வேண்டும். அந்த மடிப்பு தட்டையாகிப்போனால் கத்தி பட்டையைச் சீவாமல் உழுதுவிடும். ரப்பர் மரத்தில் பால்குழாய்கள் அதிகம் இருப்பது தண்டை ஒட்டிய உள்பட்டையில். அதை எட்டும் அளவுக்கு ஆழமாக வெட்ட வேண்டும், ஆனால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள வளர்திசுவுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் இழுக்க முடியும், அழுத்தினால் அந்த ஒரு மில்லிமீட்டரில் நிற்காது. மரத்தில் காயம் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே வெட்ட வராது. தோட்டத்தில் இன்னும் பால்வெட்டு நடக்கிறது என்றால் அந்தக் கத்திகளை வெட்டுகிறவரிடமே கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள். அவர் கைக்குப் பழகிய வளைவு அவருக்குத்தான் தெரியும்.

பாளை அரிவாள் இதைவிட நுணுக்கம். பனையேறிகள் பலகையில் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லின் பொடி தூவித்தான் அதைத் தீட்டுவார்கள். பனையேற்றம் நின்றுபோன வீட்டில் அதைத் தீட்டியும் பயனில்லை. துரு எடுத்து எண்ணெய் போட்டு வைத்தால் போதும்.

மழைக்காலத்துக்கு வருவோம். முதலில் அந்தச் சாக்கைத் தூர எறியுங்கள். சணல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பரணில் காற்றும் கிடையாது. தோல் உறையும் அப்படித்தான், பார்க்க அழகு, ஆனால் பதனிட்ட தோலில் மிச்சமிருக்கும் உப்பும் ஈரமும் அலகைப் புள்ளி புள்ளியாகத் தின்னும். ஆளோட்டமுள்ள அறையில், காற்றுப்படும் சுவரில் தொங்கவிடுங்கள். எண்ணெய்க்கு நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயே போதும். அது உலர்ந்து பிசினாகாத வகை. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். தடவிவிட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாத படலம்தான் வேண்டும். நமக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அதனால் அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ரப்பர் வீடுகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் கத்திகளை வைக்காதீர்கள். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி பட்டால் எண்ணெய் போட்ட உருக்கும் துருப்பிடிக்கும். பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா உங்கள் பிச்சாத்தியின் பித்தளைப் பூணைக் கெடுக்கும்.

சேகரிப்பு, சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. உங்கள் சாக்கில் இருந்த எல்லாமே அந்த விலக்கில் அடங்கும். வாள், குத்துவாள், ஈட்டி வாங்க ஆசை வந்தால் கதை வேறு, பணம் கொடுப்பதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மான்கொம்புப் பிடி என்று யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அதே 1972-இல் வந்த தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் தொல்பொருளாகும். கல்ஃபில் இருக்கும் மாமாவுக்கு அன்பளிப்பு என்றாலும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

‘டமாஸ்கஸ்’ என்று இணையத்தில் வரி வரியாக மின்னும் கத்திகளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். பலவற்றில் அந்த வரி ஆசிட்டால் மேலே பொறித்தது, கரட்டுத் தாளால் தேய்த்தால் போய்விடும். அந்தப் பணத்துக்குத் திருப்பாச்சேத்தியில் ஒரு நல்ல அரிவாள் அடித்து வாங்கலாம். சந்தையில் பழங்கத்தி கிடைத்தால் யார் வைத்திருந்தது, எந்த ஊர்ப் பட்டறை, எந்த வேலைக்கு என்று கேட்டு ஒரு அட்டையில் எழுதிப் பிடியில் கட்டிவிடுங்கள். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாக பஸ்ஸில் கொண்டுபோகும்போது அலகை அட்டையில் மடித்துச் சணலால் கட்டிப் பையின் அடியில் வையுங்கள். வாங்கிய சீட்டு இருந்தால் பையின் மேலாக வைத்துக்கொள்ளுங்கள், செக்போஸ்ட்டில் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.