நடந்து போகிறவர் முந்துவார், பரவாயில்லை!

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் குடியிருக்கும் நான், வசந்த காலத்தில் நேரோபோட் எனப்படும் ஒடுக்கமான கால்வாய்ப் படகில் போய்வருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மே மாதம் மான்செஸ்டரில் மகன் வீட்டுக்கு வருகிறோம். ஒரு பகல் முழுக்கப் படகில் போக ஆசை. மகனோ, "மணிக்கு நாலு மைல் வேகத்துல என்னம்மா இருக்கு, தூங்கிடுவீங்க" என்கிறான். போகலாமா, வேண்டாமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

நாலு மைல் என்று உங்கள் மகன் சொன்னதே தாராளம். அது அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம். கரையில் கட்டிக் கிடக்கும் படகுகளைத் தாண்டும்போது எஞ்சினை முனகும் அளவுக்குத் தணித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காப்பி போடுகிறவர் தலையை வெளியே நீட்டித் திட்டுவார். ஆகவே நாயைக் கூட்டிக்கொண்டு கரையில் நடக்கிற பாட்டி உங்களை முந்திக்கொண்டு போவார். போகட்டும். தூக்கம் மட்டும் வராது, அதற்கு நான் பொறுப்பு.

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் செஸ்டர் வந்து, வண்டி மாறி சர்க் என்ற சிற்றூரில் இறங்குங்கள். ஸ்டேஷனை ஒட்டியே லங்கோத்லன் கால்வாய் ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் பகல் வாடகைக்குப் படகு கிடைக்கும். மே மாதத்துக்கு முன்பதிவு அவசியம். ஊருக்குத் தெற்கே 1801-இல் கட்டிய கல் பாலம் ஒன்று கால்வாயைத் தூக்கிக்கொண்டு கெய்ரியாக் ஆற்றைத் தாண்டுகிறது. ஆற்றுக்குத் தெற்கே இங்கிலாந்து, வடக்கே வேல்ஸ். பக்கத்திலேயே அதைவிட உயரமாக ரயில் பாலம். தாண்டிய கையோடு 421 மீட்டர் நீளச் சுரங்கம். ஒரு படகுக்குத்தான் இடம் என்பதால், எதிரே விளக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் உள்ளே போனதும் கட்டாயம் பாட ஆரம்பிப்பார். குரல் சுமார்தான், சுரங்கம் அதை மன்னித்துவிடும்.

வெளியே வந்தால் வெயில். மரக் கூரைக்கு அடியில் புளூபெல் பூக்கள், காட்டுப் பூண்டு வாசம், கரை நெடுக வெள்ளை வெளேரென்று ஹாதார்ன் பூ. தாய் வாத்துக்குப் பின்னால் குஞ்சுகள் வரிசையாக வந்து, படகைக் கண்டதும் சிதறி ஓடும். நாரை கடைசி நொடிவரை அசையாமல் நின்று, நாம் நெருங்கியதும் நூறடி முன்னால் போய் உட்காரும். மறுபடி நெருங்கினால் மறுபடி நூறடி. தன்னை நாம் துரத்துவதாகவே நாள் முழுக்க நம்பிக்கொண்டிருக்கும்போல.

அப்புறம் பொன்ட்கசத்ல்தே. பொறியாளர்கள் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் கட்டி 1805-இல் திறந்த பாலம்; 2009 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 18 கல் தூண்கள், அவற்றின் மேல் 307 மீட்டர் நீளத்துக்கு இரும்புத் தொட்டி, அதில் தண்ணீர், தண்ணீரில் நீங்கள். கீழே 38 மீட்டரில் டீ (Dee) ஆறு. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பித் தடுப்பும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண்கூட இருக்காது, தடுப்பும் கிடையாது. படகின் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கால்வாயே கண்ணில் படாது. நேராக மரங்களின் தலைதான். பயப்பட வேண்டாம், படகு எங்கேயும் போய்விடாது, தொட்டியின் அகலம் அவ்வளவுதான்.

தாண்டியதும் ட்ரெவர். அங்கே கட்டிப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். "இன்னும் நாலரை மைல்தானே, லங்கோத்லன் ஊரையும் பார்த்துவிடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். காதில் வாங்காதீர்கள். நாலரை மைல் என்றால் போக மட்டும் இரண்டு மணி நேரம். அந்தப் பகுதி சில இடங்களில் ஒரு படகுக்கு மேல் கொள்ளாது. எதிரே படகு வருகிறதா என்று ஆளை முன்னால் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மாலைக்குள் படகை ஒப்படைக்க வேண்டுமே என்ற பதற்றம் வந்துவிட்டால் அந்த நாளே வீண். வாரக் கணக்கில் படகு எடுத்தவர்களுக்குத்தான் லங்கோத்லன். மே நடுவில் சூரியன் மறைய இரவு ஒன்பது ஆகும். அவர்கள் எட்டு மணிக்கும் வெயிலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

லைசென்ஸ் இல்லாமல் நம்மை ஓட்ட விடுவார்களா?
– வாசகர், ஈரோடு

விடுவார்கள். புறப்படும் முன் படகுக்காரர் சொல்லிக் கொடுப்பதுதான் பயிற்சி. பின்பக்கம் நின்று சுக்கான் தண்டைப் பிடிக்க வேண்டும். தண்டை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். கார் ஓட்டத் தெரியாதவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். தெரிந்தவர்கள்தான் முதல் வளைவில் கரையை முட்டுகிறார்கள். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். ரிவர்ஸில் சுக்கான் சொன்ன பேச்சு கேட்காது. எஞ்சின் கைப்பிடியை முடுக்கினால் அலை கரையை அரிக்குமே தவிர வேகம் பெரிதாக ஏறாது. புரொப்பெல்லரில் துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றிக்கொண்டால், எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் பின்னால் இருக்கும் மூடியைத் திறக்க வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம்.

வழியில் லாக் ஏதும் உண்டா?
– வாசகர், கோவில்பட்டி

லாக் என்றால் நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் மதகு. நான் சொன்ன வழியில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் முதல் தடவைக்காரர்களுக்கு அதைச் சொல்கிறேன்.

அந்தக் கால்வாய்த் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்கிறது?
– வாசகர், திருவையாறு

திருவையாற்றுக்காரர் வேறு எதைக் கேட்பார்! எந்த வயலுக்கும் இல்லை. மெர்சி ஆற்றையும் செவர்ன் ஆற்றையும் இணைத்துச் சரக்கு ஏற்றிப் போகத்தான் திட்டம் போட்டார்கள். நினைத்தபடி அது முடியவே இல்லை. இத்தனை பெரிய பாலம் கடைசியில் ஒரு கிளைக் கால்வாயில் நின்றுபோனது. நிலக்கரி, சுண்ணாம்புக்கல், ஸ்லேட் எல்லாம் குதிரை இழுத்த படகுகளில் போயின. பழைய பாலங்களின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், கயிறு உராய்ந்த தடம் விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கும்.

தண்ணீர் வருவது டீ ஆற்றிலிருந்து. லங்கோத்லனுக்கு மேலே குதிரை லாட வடிவில் ஒரு தடுப்பணை கட்டி 1808-இல் கால்வாய்க்குத் திருப்பினார்கள். மற்றக் கால்வாய்களில் தண்ணீர் நின்றுகிடக்கும், இங்கே ஓடும். போகும்போது படகு திணறும், திரும்பும்போது தானே வரும். 1944-இல் படகுப் போக்குவரத்து வேண்டாம் என்று சட்டமே வந்தது. ஆனாலும் கால்வாயைத் தூர்க்க முடியவில்லை, ஏனென்றால் தண்ணீர் தேவைப்பட்டது. இன்றைக்கும் அது மறுமுனையில் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தில் விழுந்து, செஷயர் பக்கத்து வீடுகளுக்குக் குடிநீராகப் போகிறது. நாம் படகு விடுவது அந்தக் குடிநீரின் தயவில்.

படகில் சமைக்கலாமா? நாங்கள் சைவம்.
– வாசகி, திண்டுக்கல்

வாரப் படகில் கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்திரம் எல்லாம் இருக்கும். குக்கர் மட்டும் கொண்டு போங்கள். பகல் படகில் வசதி படகுக்குப் படகு மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்விடுவோம். அன்றைக்கும் அடுப்படியில் நிற்க எனக்கு மனசில்லை.

மழை வந்தால்?
– வாசகர், தூத்துக்குடி

சுக்கான் பிடிப்பவர் நனைவார். மற்றவர்கள் உள்ளே இருந்தபடி அவருக்குத் தேநீர் நீட்டுவார்கள்.

மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. அவரால் ஏற முடியுமா?
– வாசகி, தாம்பரம்

முடியும், ஆனால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். கரையிலிருந்து படகுக்கு ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும், உள்ளே போக இரண்டு மூன்று படி இறங்க வேண்டும். படகைக் கயிற்றால் கரையோடு இழுத்துப் பிடித்த பிறகே ஏற்றுங்கள். கழிப்பறை உள்ளதா என்பதை முதலில் கேளுங்கள். முன்பக்கத்தில் உட்கார இடம் இருக்கும். எஞ்சின் சத்தம் அங்கே வராது, வெயிலும் கிடைக்கும். மே மாதக் காலையில் காற்று சில்லென்று இருக்கும், சால்வையும் ஸ்வெட்டரும் அவசியம். சுரங்கத்திலும் பெரிய பாலத்திலும் மட்டும் கையை வெளியே நீட்ட விடாதீர்கள். சுவர் அவ்வளவு பக்கத்தில் வரும்.