விக்கிப்பீடியாவில் நீக்கல் அறிவிப்பா? பணம் கொடுக்காதீர்கள், பேசுங்கள்

கேள்வி: என் தாத்தா தொடங்கிய பள்ளிக்கூடத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதினேன். அன்றே அதன் தலையில் நீக்கல் அறிவிப்பு ஒன்றைப் போட்டுவிட்டார்கள். எடுத்துவிட்டேன், திரும்ப வந்தது. மூன்றாவது முறை எடுத்ததும் எனக்கே எச்சரிக்கை வந்துவிட்டது. இப்போது ஒருவர் மின்னஞ்சலில், 15,000 ரூபாய் கொடுத்தால் கட்டுரையை நிரந்தரமாக்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: நம்ப வேண்டாம். அந்த மின்னஞ்சலுக்குப் பதில்கூடப் போடாதீர்கள். விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையும் நிரந்தரம் கிடையாது. நிர்வாகிகள் உட்பட அங்கே வேலை செய்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். உத்தரவாதம் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கே இல்லாதபோது இந்தத் தரகருக்கு எங்கிருந்து வரும்?

2015 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 381 கணக்குகளை மொத்தமாக முடக்கினார்கள். ஏற்கப்படாத வரைவுகளைத் தேடிப் பிடிப்பது, சம்பந்தப்பட்டவரிடம் காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடுவது, அப்புறம் ‘நீக்காமல் பார்த்துக்கொள்கிறோம்’ என்று மாதாமாதம் பணம் கேட்பது. இதுதான் அந்தக் கும்பலின் தொழில். எந்தக் கட்டுரைக்கு நீக்கல் அறிவிப்பு வந்திருக்கிறது, அதை எழுதியவர் யார் என்பதெல்லாம் அங்கே எல்லோர் கண்ணிலும் படும்படிதான் இருக்கிறது. அந்தத் தரகர் உங்களைத் தேடி வந்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. காசு வாங்கி எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014 முதல் பயன்பாட்டு விதி இருக்கிறது. மறைத்து எழுதி மாட்டினால் கட்டுரையோடு உங்கள் தாத்தா பெயரும் சேர்ந்து அடிபடும்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. எழுதியவரே அந்த அறிவிப்பை எடுக்கக் கூடாது. கட்டுரைக்கு மேலே ‘உரையாடல்’ என்று இருக்கும். அங்கே போய் இவ்வளவு எழுதினால் போதும்: “வணக்கம். நான் புதியவன். இந்தப் பள்ளியைத் தொடங்கியவர் என் தாத்தா. அறிவிப்பை எடுத்தது தவறு என்று இப்போதுதான் தெரிந்தது. நாளிதழ்ச் செய்திகளைத் தேடிச் சேர்க்கிறேன், ஒரு வாரம் அவகாசம் தர முடியுமா?” கடைசியில் நான்கு அலைக்குறிகள் (~~~~) போட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும். கையொப்பமில்லாமல் பேசுவதை அங்கே யாரும் விரும்புவதில்லை. உறவை நீங்களே முதலில் சொல்லிவிடுவது முக்கியம். மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் அதுவே குற்றச்சாட்டாகிவிடும்.

“அந்தப் பள்ளிக்கு மட்டும் கட்டுரை இருக்கிறதே” என்று வாதாடாதீர்கள். தம்பியையும் மைத்துனரையும் புதுக் கணக்கு தொடங்கி ஆதரவு சொல்லச் சொல்லாதீர்கள். அதைக் கைப்பாவைக் கணக்கு என்பார்கள், எல்லோரையும் சேர்த்துத் தடை செய்துவிடுவார்கள்.

‘ஏழைகளின் கல்விக் கண் திறந்த வள்ளல்’ என்பது போன்ற வரிகளையெல்லாம் எடுத்துவிடுங்கள். எந்த ஆண்டு, யாரால், எத்தனை மாணவர்களோடு தொடங்கியது என்பது போதும். ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் எழுதி வெளியான சான்று வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால், உண்மையைச் சொல்கிறேன், கட்டுரை நிற்காது.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்று விக்கிப்பீடியாவிலேயே ஒரு வழிகாட்டல் இருக்கிறது. ஆனால் ஆசையோடு எழுத வருகிறவருக்கு முதலில் கிடைப்பது விஷமிகளுக்காக எழுதி வைத்த, எல்லோருக்கும் ஒரே மாதிரியான எச்சரிக்கை. உதவிப் பக்கங்களோ ஒன்றைத் திறந்தால் ஒன்பது பக்கத்துக்குக் கூட்டிப்போகும். இரண்டு வரி மனிதத் தமிழில் எழுதினால் பாதிப் பேர் தரகரிடம் போகமாட்டார்கள். ஆள் பற்றாக்குறை என்பது காரணம்தான், ஆனாலும் மனம் ஆறவில்லை.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். பள்ளி ஆண்டு மலரிலிருந்தோ பள்ளி இணையதளத்திலிருந்தோ பத்திகளை அப்படியே ஒட்டியிருந்தால் உடனே நீக்குவார்கள். “அதை எழுதியதே நான்தான்” என்பீர்கள். இருக்கலாம், ஆனால் திரைக்குப் பின்னால் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எழுத்தின் உரிமை பள்ளி நிர்வாகத்திடம் இருந்தால் நீங்கள் அனுமதி கொடுக்கவும் முடியாது. உரிமை உங்களுடையதே என்றாலும், யார் வேண்டுமானாலும் எடுத்து, திருத்தி, விற்கக்கூடச் செய்யலாம் என்ற உரிமத்தில் அதை விடுவதாக முறைப்படி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். உங்கள் தளத்திலேயே அந்த உரிமத்தை அறிவித்திருந்தால் மின்னஞ்சல் தேவையில்லை. இவ்வளவும் செய்தாலும் மலரின் புகழ்ச்சி நடை கலைக்களஞ்சியத்துக்கு ஒத்துவராது. எனவே சொந்த வார்த்தையில் புதிதாக எழுதுவதுதான் சுருக்கமான வழி.

ஒருவேளை கட்டுரை நீக்கப்பட்டுவிட்டால், நீக்கிய நிர்வாகியின் பேச்சுப் பக்கத்தில், எழுதியதை உங்கள் மணல்தொட்டிக்கு, அதாவது நீங்கள் எழுதிப் பழகும் வரைவுப் பக்கத்துக்கு, மாற்றித் தரும்படி கேளுங்கள். பதிப்புரிமைச் சிக்கல் இல்லையென்றால் பெரும்பாலும் தருவார்கள். அங்கே வைத்து நிதானமாகச் சான்று சேர்த்துவிட்டு, மறுபடி போடும் முன் ஆலமரத்தடி என்ற, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்தில் ஒருமுறை பார்வைக்கு வையுங்கள்.