கடலில் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதைக் கணினி மாதிரியை நம்பி முடிவு செய்ய முடியுமா?

முடியும், செய்தும் இருக்கிறார்கள். ஆறு வருடமாக இந்த மாதிரிகளோடுதான் என் வேலை.

மாதிரி என்றதும், கடலையே திரையில் காட்டும் படம் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது வரவு செலவுக் கணக்கு. ஒரு மீன் இனம் வருடத்துக்கு எவ்வளவு பெருகுகிறது, அதில் மற்ற மீன்கள் தின்பது எவ்வளவு, வலைக்குப் போவது எவ்வளவு? இரண்டு பக்கமும் பொருந்தியாக வேண்டும். ஹவாயில் பிரெஞ்சு ஃப்ரிகேட் ஷோல்ஸ் பவளத்திட்டுக்காக மீன்வள ஆய்வாளர் ஜெஃப்ரி பொலோவினா 1984இல் வெளியிட்ட ஈகோபாத் என்ற மாதிரி இப்படித்தான் தொடங்கியது. வில்லி கிறிஸ்டென்சனும் டேனியல் பாலியும் அதை வளர்த்தார்கள். அப்புறம் கார்ல் வால்டர்ஸும் சேர்ந்து உருவாக்கிய ஈகோசிம்மில், பிடிப்பைக் கூட்டினால் குறைத்தால் வரும் வருடங்களில் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்க்கலாம்.

என் முதல் மாதிரியில் நெத்திலி பெருகுவதைவிட அதிகமாகத் தின்னப்பட்டிருந்தது. மூன்று வாரம் தேடினேன். சூரை மீன்களின் வயிற்றைத் திறந்து எடுத்த இரை விவரம் முழுக்க, நெத்திலி கரையோரம் குவியும் ஒரே பருவத்தில் சேகரித்தது. அதை வருடம் முழுவதற்கும் பொருத்தியிருந்தோம். கணக்கு இடித்ததால்தான் தவறு தெரிந்தது.

நிர்வாகத்துக்கு எப்படி உதவும் என்பதற்கு, எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. மத்தி வகையைச் சேர்ந்த மென்ஹேடனை அங்கே மீன்தூளுக்கும் எண்ணெய்க்கும் தூண்டில் இரைக்கும் பிடிக்கிறார்கள். மென்ஹேடனை மட்டும் தனியாக மதிப்பிட்டால் நிலைமை நன்றாகவே இருந்தது. ஆனால் அதைத் தின்னும் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற பெரிய மீன் குறைந்துபோயிருந்தது. ஆகவே கேள்வியையே மாற்றினார்கள்: ஸ்ட்ரைப்ட் பாஸ் மீண்டு வர வேண்டுமானால் எவ்வளவு மென்ஹேடனைக் கடலில் விட்டுவைக்க வேண்டும்? ஈகோபாத், ஈகோசிம் வழியில் கட்டிய ஒரு பெரிய மாதிரியை, முக்கியமான இனங்கள் மட்டும் இருக்கும்படி சுருக்கி விடை தேடினார்கள். அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் 2020 ஆகஸ்டில் அப்படிக் கிடைத்த அளவுகோலை ஏற்றது. 2,16,000 டன்னாக இருந்த மென்ஹேடன் பிடிப்பின் வருடாந்தர உச்சவரம்பு, 2021, 2022ஆம் ஆண்டுகளுக்கு 1,94,400 டன்னாகக் குறைந்தது. இன்னொரு மீனின் பசியையும் கணக்கில் எடுத்து ஒரு மீனுக்கு வரம்பு வைத்தது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, எல்லா மாதிரியையும் நம்பலாமா? யாராவது ஒன்றைக் காட்டினால், இரை விவரம் எந்த மாதங்களில், எத்தனை மீன்களில் எடுத்தது என்று முதலில் கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்பேன்.