நோ-நத்திங் இயக்கத்தின் ஆவணங்கள் எவை? ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கின்றன?

நோ-நத்திங் (Know Nothing, "எதுவும் தெரியாது") என்பது 1850களில் அமெரிக்காவில் பரவிய, குடியேறிகளுக்கு எதிரான அரசியல் இயக்கம். ஐரிஷ், ஜெர்மன் கத்தோலிக்கர்கள் மீதுதான் முக்கியக் கோபம். வந்தவர்கள் குடியுரிமைக்கு 21 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றார்கள். கிளைகள் எழுதிவைத்த கூட்டக் குறிப்புகள், உறுப்பினர் பட்டியல்கள், சத்தியப்பிரமாண வாசகங்கள் ஆகியவையே இந்த ஆவணங்கள்.

குறைவாக இருக்கக் காரணம், அது ரகசிய அமைப்பாகத் தொடங்கியதுதான். யாராவது விசாரித்தால் "எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் காகிதத்தைப் பத்திரப்படுத்துவார்களா என்ன! இத்தனைக்கும் 1854 தேர்தலில் மாசசூசெட்ஸ் மாநிலத்தையே பிடித்தவர்கள். 1856 அதிபர் தேர்தலில் அவர்களுடைய வேட்பாளர் ஃபில்மோர் மேரிலாந்தில் மட்டும் வென்றார். அப்புறம் கட்சி சீக்கிரமே கரைந்துவிட்டது.

மிஞ்சிய பதிவேடுகள் சீட்டுப் பிடிப்பவரின் நோட்டு மாதிரி. யார் சேர்ந்தார், யார் பணம் கட்டினார் என்று இருக்கும். ஏன் சேர்ந்தார் என்று இருக்காது.

பட்டியலில் பெயர் இருந்தாலே அவர் தீவிர வெறுப்பாளர் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அன்றைய அமெரிக்காவின் பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சிதைந்த பிறகு ஒதுங்க இடம் தேடி வந்தவர்களும் அதில் உண்டு. அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்த, பின்னாளில் துணை அதிபரான ஹென்றி வில்சனும் இதில் உறுப்பினராக இருந்தவர்தான்.