ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் புள்ளி ஓவியம் என்றால் என்ன? வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனப் பழங்குடியினர் தங்கள் நிலத்தின், முன்னோரின் கதைகளைப் புள்ளிகளும் குறிகளுமாகத் தீட்டுவதுதான் புள்ளி ஓவியம். லாட வடிவக் கோடு என்றால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். மணலில் சம்மணமிட்டு எழுந்தால் விழும் தடம் அது. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் இருந்தால் பெரும்பாலும் நீர்ச்சுனை அல்லது முகாம்.

முன்பு இவற்றை மணலிலும் உடம்பிலும்தான் வரைந்தார்கள்; சடங்கு முடிந்தால் அழிந்துவிடும். 1971-72இல் பப்புன்யா ஊரில் பலகைக்கு வந்தபோது, வெளியார் பார்க்கக்கூடாத சின்னங்களும் விற்பனைக்குப் போயின. அவற்றை மறைக்கவும் புள்ளிகள் பெருகின. குளியலறை ஜன்னலின் மங்கல் கண்ணாடி மாதிரி: வெளிச்சம் வரும், உள்ளே இருப்பது தெரியாது.

சரி, விற்பனை? ஜானி வாரங்குலா 1972இல் தீட்டி 150 டாலருக்கு விற்கப்பட்ட ஓவியம், 2000இல் 4,86,500 டாலருக்கு ஏலம் போனது. ஓவியருக்கு மறுவிற்பனையில் 5 சதவீதம் தரும் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2010இல்தான். ஊராரே நடத்தும் கலை மையங்களில் வாங்குவது நல்லது. ஓவியர் பெயர், ஊர், கதை மூன்றும் சான்றிதழில் இல்லையென்றால் நான் வாங்கமாட்டேன்.

அப்புறம், எல்லாப் பழங்குடியினரும் புள்ளி வைப்பவர்கள் அல்ல. வடக்கே ஆர்னம் லாந்தில் மரப்பட்டையில் மெல்லிய குறுக்குக்கோடுகள்தான்.