வாசகர் கேள்வி–பதில்: பேட் சம்மிட்டின் 38 சீசன்கள்

கே: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பேட் சம்மிட் 22 வயதிலேயே தலைமைப் பயிற்சியாளர் ஆனாராமே! எப்படி முடிந்தது? (கோவை வாசகி)

ப: யாரும் போட்டி போடாத வேலை அது. 1974-ல் டென்னஸி பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படித்தபடி உதவியாளராக இருக்கத்தான் போனார். இருந்த பயிற்சியாளர் விடுப்பில் போய்விட, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. சம்பளம் மாதம் 250 டாலர். வேன் ஓட்டுவதும் சீருடை துவைப்பதும் அவர்தான். அந்தச் சீருடையும் முந்தைய ஆண்டு டோநட் விற்ற காசில் வாங்கியது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972-லேயே வந்துவிட்டாலும், பெண்கள் அணிகளுக்குப் பணம் வந்து சேர ஆண்டுகள் ஆயின. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ பெண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டியைத் தொடங்கியதே 1982-ல்தான். பயிற்சியாளராகத் தன் முதல் ஆட்டத்தில் சம்மிட் மெர்சர் அணியிடம் 84–83 எனத் தோற்றார். சம்பளம் கொழுத்ததாக இருந்திருந்தால் அந்த நாற்காலி 22 வயதுப் பெண்ணுக்குக் கிடைத்திருக்காது என்பது நம் கணிப்பு.

கே: அவருடைய அணி ரீபவுண்டில், அதாவது கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பதில், கெட்டி என்கிறார்கள். எங்கள் பள்ளி அணி அங்கேதான் கோட்டை விடுகிறது. என்ன செய்வது? (திண்டுக்கல் உடற்கல்வி ஆசிரியை)

ப: உயரத்தைக் குறை சொல்லும் முன் கண்ணைக் கவனியுங்கள். எதிரணி ஷாட் எடுத்ததும் உங்கள் பிள்ளைகள் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் எதிராளி உள்ளே புகுந்துவிடுவாள். எதிராளியை உடலால் மறித்து நிற்கும் ‘பாக்ஸ் அவுட்’டின் வரிசை இது: முதலில் தன் ஆளைத் தேட வேண்டும். முன்கையால் அவளைத் தொட்டு, இருக்கும் இடத்தை உறுதி செய்ய வேண்டும். ஒரு காலை ஊன்றித் திரும்பி, அவளை முதுகுக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கைகளை உயர்த்த வேண்டும். பந்தைத் தேடுவது இதற்கெல்லாம் பிறகுதான். இன்னொரு தவறு, கூடைக்கு நேர் கீழே போய் நிற்பது. வளையத்தில் பட்ட பந்து தலைக்கு மேலே பறந்துவிடும். மூன்று புள்ளி ஷாட் தவறினால் இன்னும் தூரம் தெறிக்கும். அப்போது இரண்டு அடி வெளியிலேயே ஆளை மறிக்கச் சொல்லுங்கள். இடுப்பால் தள்ளினால் ஃபவுல். மறிக்கலாம், இடிக்கக் கூடாது.

கே: பெண்கள் அணியின் பயிற்சிக்கு ஆண்களை அழைப்பது ஏன்? (மதுரை வாசகர்)

ப: மாற்று ஆட்டக்காரிகள் முதல் ஐவருக்குப் போதிய எதிர்ப்பு தர முடியாத நாள்கள் உண்டு. டென்னஸி உட்படப் பல கல்லூரிகளில் அங்கேயே படிக்கும் மாணவர்கள் ஊதியமில்லாமல் வந்து, அடுத்த எதிரணியின் நகர்வுகளைக் கற்று அதேபோல் ஆடிக் காட்டுவார்கள். வேகமும் உடல் பலமும் கூடுதலாக இருப்பதால் மெத்தனமான பாஸ் உடனே பறிபோகும். கெடுதலும் இருக்கிறது: மாற்று ஆட்டக்காரிகள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், தேறவே மாட்டார்கள். பயிற்சியின் ஒரு பகுதிக்கு மட்டும் ஆண்களை வைத்துக்கொள்வதே நல்லது.

கே: சம்மிட் வென்ற எட்டு தேசியக் கோப்பைகளில் எது பெரியது? (சென்னை வாசகர்)

ப: 1987, 89, 91, 96, 97, 98, 2007, 2008. முதல் கோப்பைக்கே 13 சீசன் ஆனது. பலர் 39 வெற்றி, தோல்வியே இல்லை என்று முடித்த 1998-ஐச் சொல்வார்கள். நம் ஓட்டு 1997-க்கு. அந்த சீசனில் 10 ஆட்டங்கள் தோற்ற அணி அது. அப்போது 64 அணிகள் மோதிய தேசியப் போட்டியில் ஒரு தோல்வி போதும், வீட்டுக்குப் போகலாம். ஆறு ஆட்டங்களையும் வரிசையாக வென்றாக வேண்டும். டிசம்பரில் தடுமாறிய அணியை மார்ச்சுக்குள் நிமிர்த்துவதில்தான் பயிற்சியாளரின் கை தெரிகிறது.

கே: அவருடைய 1,098 வெற்றிச் சாதனை இன்னும் நிற்கிறதா? (திருச்சி வாசகர்)

ப: இல்லை. ஸ்டான்ஃபோர்டு அணியின் பயிற்சியாளர் தாரா வான்டெர்வீர் 2020 டிசம்பரில் கடந்தார். 1,216-உடன் 2024-ல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் கனெக்டிகட் அணியின் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா அவரையும் முந்தினார். ஆனால் சம்மிட் தோற்றது 208 மட்டுமே. வெற்றி விகிதம் 84 சதவீதம்.

கே: விளையாடப் போனால் படிப்பு கெடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். (ஈரோடு மாணவி)

ப: சம்மிட்டிடம், கல்லூரி அணியில் ஆட அனுமதியுள்ள தகுதிக் காலம் முழுவதும் ஆடி முடித்த அனைவரும் பட்டம் பெற்றார்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும் என்பது அவர் விதி. பின் வரிசையில் தூங்க வழியில்லை! வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கே: நோய் வந்த பிறகும் பயிற்சி தந்தாரா? (புதுச்சேரி வாசகி)

ப: தந்தார். இளவயது அல்சைமர் என்று 2011 ஆகஸ்டில் அவரே அறிவித்து, மேலும் ஒரு சீசன் இருந்தார். நீண்டகால உதவியாளர் ஹாலி வார்லிக் கூடுதல் பொறுப்பை ஏற்றார். 2012 ஏப்ரலில் தலைமைப் பதவியும் அவருக்கு வந்தது. சம்மிட் 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் காலமானார்.

கே: அவர் ஆடியதுண்டா? (சேலம் வாசகர்)

ப: 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆட்டக்காரியாக வெள்ளி. 1984 லாஸ் ஏஞ்சலஸில் பயிற்சியாளராகத் தங்கம்.