ஊசி போட்ட தோளில் எட்டு மாத வலி: நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பார்மசியில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். அன்று இரவே இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. இன்றும் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டரிடம் போகவில்லை. நஷ்டஈடு கேட்கலாமா? கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்கிறார் ஒரு வக்கீல்.

பதில்: கேட்கலாம். ஆனால் அந்தப் பங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தடுப்பூசிப் பாதிப்புக்கென்று மத்திய அரசின் இழப்பீட்டுத் திட்டம் 1988 முதல் நடக்கிறது. ஒவ்வொரு ஃப்ளூ டோஸுக்கும் வசூலாகும் 75 சென்ட் வரி அதன் நிதிக்குத்தான் போகிறது. வக்கீல் கட்டணத்தை நீதிமன்றமே முடிவு செய்து தனியாகக் கொடுக்கும். உங்கள் தொகையில் பங்கு கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. நியாயமான அடிப்படையோடு போட்ட மனு என்றால், தோற்றாலும் கட்டணம் கொடுக்க வழி உண்டு.

ஊசி மேலே ஏறிப்போய் மூட்டுப் பக்கத்தில் இறங்கினால் இப்படி ஆகலாம். 2017இல் இந்தத் தோள் பாதிப்பையும் திட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பு கோளாறு இருந்திருக்கக் கூடாது. பாதிப்பு பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முன்பு கோளாறு இல்லை என்றால், நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது.

எனக்குக் கவலை தருவது நீங்கள் டாக்டரிடமே போகாததுதான். எட்டு மாத வலிக்கு ஒரு வரிகூடப் பதிவு இல்லை. இந்த வாரமே போங்கள். வழக்கு இருக்கட்டும், தோள் இறுகிக்கொண்டே போனால் கஷ்டம் உங்களுக்குத்தான். ஊசி போட்ட தேதி, எந்தக் கை, வலி தொடங்கிய நேரம் மூன்றையும் சொல்லி, குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பார்மசி பதிவையும் வாங்குங்கள்; எந்தக் கை என்பது அதில் விட்டுப்போயிருக்கலாம், அல்லது தவறாக இருக்கலாம். அன்று வீட்டாருக்கு 'தோள் வலிக்குது' என்று மெசேஜ் அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள்.

மனு, அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும். எதிர்த்தரப்பு பார்மசி அல்ல, சுகாதாரத் துறைச் செயலர். வலி, வேதனைக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். சிகிச்சைச் செலவும் சம்பள இழப்பும் தனி.

அப்புறம் ஒன்று: அதே கையில் அன்று கோவிட் ஊசியும் போட்டிருந்தால் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு வேறு திட்டம், கெடு ஒரே வருடம். உங்களுக்கு மிச்சம் நான்கு மாதம்தான்.